கண்ணுக்குத் தெரியாத உரை

“படமெல்லாம் பார்த்தேன். ஒண்ணுக்குக்கூட மாத்து உரை இல்லையே?”

கைபேசியில் அந்தப் பெண் குரல் இப்படிக் கேட்டதும் மாப்பிள்ளை சாய்ந்திருந்த திண்டைத் தள்ளிவிட்டான். மெத்தை அடுக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்த தன் மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“நீங்க... வெப்சைட்டைப் பார்த்துட்டா பேசுறீங்க?”

“ஆமாங்க, அதைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடுறேன். நாங்க வந்து...”

“தெரியும்மா, தெரியும்! நீங்க கூப்பிடுவீங்கன்னு ஏற்கெனவே சொல்லிட்டாங்க.”

“சொல்லிட்டாங்களா? அப்போ நல்லதாப் போச்சு, முதல்லருந்து விளக்க வேண்டாம். மாத்து உரைதான் எங்களுக்கு முக்கியம். அது இல்லாம எடுத்துக்க மாட்டாங்க.”

“எல்லாத்துக்குமா வேணும்?”

“பின்ன? ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணாவது வேணும். போட்டு வைங்க. நான் திரும்பக் கூப்பிடுறேன்.”

குரல் போய்விட்டது. மாப்பிள்ளை கைபேசியைக் கும்பிடாத குறையாக மேசைமேல் வைத்தான்.

அது அவனுடைய மாமனாரின் கடை. தலையணை, மெத்தை, நாற்காலித் திண்டு எல்லாம் அங்கேயே தைத்து விற்பார்கள். பேருந்து நிலையத்தில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவன், “மாமா, கடைக்கு ஒரு வெப்சைட் போட்டா ஊரே க்யூல நிக்கும்” என்று வாய்விட்டு, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தான். வெப்சைட் வந்தது. க்யூ வரவில்லை. போன வாரம் மாமனார் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“மாப்பிள்ளை, நான் கூட்டம் கேக்கல. இந்த மாசம் முடியிறதுக்குள்ள உங்க வெப்சைட்டைப் பார்த்துட்டு ஒரே ஒருத்தர் வரட்டும். வரலைன்னா அதை மூடிட்டு, நீங்க தயவு செஞ்சு பஞ்சு ரூமுக்கு எழுந்தருளணும்.”

எவ்வளவு கோபம் வந்தாலும் மாமனார் மாப்பிள்ளை மரியாதையில் குறை வைக்க மாட்டார். அதுதான் இன்னும் வலிக்கும்.

பஞ்சு அறை என்றால் மாப்பிள்ளைக்கு நடுக்கம். அதன் கதவைக் கடந்தாலே தும்மல் வரும். உள்ளே நின்றாலோ, இரண்டு தும்மலுக்கு நடுவே கிடைத்த இடத்தில்தான் மூச்சு. அதற்குப் பயந்துதான் வெப்சைட் வேலை சொல்லித்தரும் மாலை வகுப்பில் சேர்ந்தான். அங்கே இருந்த ஆசிரியருக்கு ஆங்கிலச் சொல் காதில் விழுந்தால் காய்ச்சல் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் தமிழ்தான். “படத்துக்குப் பின்னால ஒளிச்சு எழுதுற வரிக்குப் பேர் மாற்று உரை. கண் தெரியாதவங்களோட கைபேசி அதைத்தான் வாசிச்சுச் சொல்லும். தேடுற இயந்திரத்துக்கும் படம் தெரியாது, அதுவும் இதைத்தான் படிக்கும்,” என்று சொல்லிக்கொடுத்தவர், “ஒரு தேடல் நிறுவனத்துல சொல்லி வெச்சிருக்கேன். உங்க தளத்தைப் பார்த்துட்டு அவங்களே கூப்பிட்டுக் குறை சொல்லுவாங்க. இலவசம்,” என்றும் சொல்லியிருந்தார்.

கூப்பிட்டுவிட்டார்கள். குறையும் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினான். முதல் படத்துக்குப் பின்னால் ‘தலையணை’ என்று எழுதினான். இரண்டாவதும் தலையணைதான். அதற்கும் ‘தலையணை’. ஒன்று போதுமா என்று சந்தேகம் வந்தது. அவனுக்கு எதிலும் சந்தேகம் வரும். தேடல் இயந்திரம் கவனிக்காமல் போய்விட்டால்? ‘தலையணை, நல்ல தலையணை, தலைக்கு ஏற்ற தலையணை, தலையணை வாங்க, தலையணை’ என்று நீட்டினான்.

மாமனார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “என்ன எழுதுறீங்க? இங்க ஒண்ணுமே தெரியலையே?”

“தெரியாதவங்களுக்குத்தான் மாமா இது.”

“தெரிஞ்சவங்களே வர மாட்டேங்கிறாங்க,” என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

எழுதியதைச் சோதிக்க மாடியில் ஆள் இருந்தார். வானொலிப் பெட்டிகளைத் தடவிப் பார்த்தே பழுது நீக்கும் ரேடியோ மாமா. அவருக்குக் கண் தெரியாது. அவருடைய கைபேசி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும், அதுவும் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனின் வேகத்தில். மாப்பிள்ளை மேலே போய்த் தளத்தைத் திறந்து கொடுத்தான். கைபேசி வாசித்தது. வாசித்துக்கொண்டே இருந்தது.

ரேடியோ மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு அதை அணைத்தார். “தம்பி, கடைக்கு வந்தவனை இப்படியா வரவேற்கிறது? வாசல்ல கால் வெச்சதும் யாரோ தலையணையால மாறி மாறி மொத்தின மாதிரி இருக்கு.”

“அப்போ என்ன எழுதட்டும் மாமா?”

“படத்துல என்ன இருக்கோ அதை எழுதுய்யா. என்ன நிறம், என்ன அளவு, கூட யாரு இருக்காங்க. நீ பார்க்கிறதைச் சொன்னாத்தானே நான் பார்க்க முடியும்?”

நியாயம்தான். ஆனால் படத்தில் இருந்தது மாமனார்.

“ஆள் படுக்காத மெத்தையை எவன் நம்புவான்?” என்று சொல்லி, படம் எடுத்த அன்று அவரே எல்லாவற்றிலும் படுத்துக் காட்டினார். படுத்ததும் தூங்கிவிட்டார். அடுத்த மெத்தைக்கு எழுப்பினார்கள். அதிலும் தூங்கினார். மாப்பிள்ளை பார்த்ததைப் பார்த்தபடி எழுதினான். ‘நீல நிறத் தலையணை. அதன்மேல் வாயைத் திறந்து குறட்டை விட்டு உறங்கும் பெரியவர்.’ ‘பூப்போட்ட மெத்தை. குப்புறப் படுத்துக் குறட்டை விடும் அதே பெரியவர்.’ ஒன்றையும் விடவில்லை. ஓரத்தில் தெரிந்த மாமியாரின் கால் கட்டைவிரலைக்கூட ‘வலது’ என்று குறிப்பிட்டு எழுதினான்.

“இப்பத்தான்யா கடைக்குள்ள வந்து சுத்திப் பார்த்த மாதிரி இருக்கு,” என்று ரேடியோ மாமா தொடையில் தட்டிச் சிரித்தார். “உங்க மாமனாரை இத்தனை நாளா மாடிப்படிலதான் கேட்டிருக்கேன். இன்னைக்குத்தான் பார்த்தேன்.”

சில நாளில் அதிசயம் நடந்தது. தேடலில் கடை முதலிடத்துக்கு வந்துவிட்டது. தலையணைக்கு அல்ல, குறட்டைக்கு.

கைபேசி ஓயாமல் அடித்தது.

“டாக்டர் இருக்காருங்களா?”

“இது தலையணைக் கடைங்க.”

“சரிங்க, டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்? எங்க வீட்டுக்காரர் குறட்டைல ஜன்னல் கண்ணாடி அதிருது.”

இன்னொருவர் தன் மனைவிக்குத் தெரியாமல் ரகசியமாகப் பேசினார். மனைவியும் அடுத்த அழைப்பில் ரகசியமாகப் பேசினார். இரண்டு பேரும் மற்றவரைத்தான் குறை சொன்னார்கள். ஒரு ஆள் மட்டும், “சார், உங்க தளத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும்...” என்று பணிவாகத் தொடங்கினார். அதற்குள் மாப்பிள்ளைக்குக் காது கொதித்துப் போயிருந்தது. “டாக்டர் செத்துட்டார்!” என்று கத்திவிட்டு வைத்துவிட்டான்.

விஷயம் மாமனார் காதுக்குப் போனது. நோய்க்காரரே அவர்தான் என்று அவரும் தெரிந்துகொண்டார்.

“நானா குறட்டை விடுறேன்? மாப்பிள்ளை அவர்களே, ஊருக்கே தண்டோரா போட்டுட்டீங்களே!”

“அப்பா, நீங்க விடுறது நிஜம்தானேப்பா,” என்றாள் மகள், அதாவது மாப்பிள்ளையின் மனைவி.

“நிஜம்னா எழுதிடறதா?”

பிறகு அவரே சொல்லச் சொல்ல மாப்பிள்ளை எழுதினான். ‘கண்களை மூடி ஆழ்ந்த சிந்தனையில் இருக்கும் பெருமகனார்.’ மறுநாளிலிருந்து தியான வகுப்பு எப்போது, கட்டாயம் வெள்ளை உடை அணிய வேண்டுமா என்று கேட்டு அழைப்புகள் வந்தன. மாமியாருக்கு மட்டும் அதில் கொஞ்சம் பெருமை. “ஒரு வகுப்பு எடுத்துத்தான் பாருங்களேன். தூங்குறதுக்கு உங்களைவிட யாரு இருக்கா?” என்றார்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில் மறுபடியும் அந்தக் குரல் வந்தது.

“என்னங்க, மாத்து உரை போட்டாச்சா?”

“எல்லாத்துக்கும் போட்டாச்சும்மா! பாருங்க.”

“பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். எல்லாம் பழைய மாதிரியே இருக்கே? எங்க போட்டீங்க?”

“அது கண்ணுக்குத் தெரியாதும்மா. உள்ளே இருக்கும்.”

“உள்ளேயா?” குரலில் கலக்கம் தெரிந்தது. “உள்ளே போட்டு என்னங்க பிரயோஜனம்? மேலதானே போடணும்?”

“மேலயா?”

“மேலதான். நாலு பேர் பார்க்கிறப்போ பளிச்சுன்னு தெரிய வேண்டாமா? உங்க ஊர்ல எல்லாம் உள்ளேதான் போடுவாங்களா?”

மாப்பிள்ளைக்கு வகுப்பில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் இவரோ நேரடியாகத் தேடல் கம்பெனியிலிருந்து பேசுகிறவர். ஆசிரியர் பெரியவரா, இவர் பெரியவரா? தன்மேல் அவனுக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. அதனால் யார் கடைசியாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான்.

“சரிம்மா, மேலயே போட்டுடறேன்.”

“அப்புறம் எடையும் ஜாஸ்தியா இருக்கு. பாதியாக் குறைச்சிருங்க. இத்தனை கனம் யாருக்கும் ஆகாது.”

இதுவும் வகுப்பில் வந்த பாடம்தான். படத்தின் எடை கூடினால் பக்கம் திறக்க நேரமாகும், பார்க்க வந்தவர் போய்விடுவார். மாப்பிள்ளை எல்லாப் படங்களையும் பாதியாகச் சுருக்கினான். பாதி போதுமா என்று சந்தேகம் வந்ததால் இன்னொரு பாதி. மனசு ஆறாமல் இன்னொன்று. கடைசியில் படங்கள் காற்றில் பறக்கிற அளவுக்கு இலேசாகிவிட்டன. மாமியார் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துப் போட்டும் பார்த்தார்.

“மாப்பிள்ளை, உங்க மாமாவை ஏன் இப்படிச் சில்லு சில்லா உடைச்சு வெச்சிருக்கீங்க?”

“படம் இலேசா இருக்கணும் அத்தை.”

“அதுக்காக? மூக்கு எதுன்னுகூடத் தெரியல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் தொலைக்காத மூக்கை நீங்க தொலைச்சிட்டீங்களே!”

மாப்பிள்ளை அதோடு நிற்கவில்லை. பின்னால் ஒளித்து எழுதியிருந்ததை எல்லாம் அங்கிருந்து துடைத்து எடுத்துப் படங்களின்மேல் கொட்டை எழுத்தில் ஒட்டினான். ‘கண்களை மூடி ஆழ்ந்த சிந்தனையில்’ என்பதே பாதித் தலையணையை மறைத்தது. ‘பெருமகனார்’ மீதியை மறைத்தார்.

விளைவு உடனே தெரிந்தது. படத்தின்மேல் ஒட்டிய எழுத்தைத் தேடல் இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியவில்லை. குறட்டைக்காரர்கள் நின்றார்கள். தியானக்காரர்களும் நின்றார்கள். கைபேசி செத்துப் போனது போலக் கிடந்தது. வாடிக்கையாளர் ஒருவரும் வராவிட்டாலும் அடித்துக்கொண்டாவது இருந்ததே என்று மாப்பிள்ளை ஏங்கினான். மாதமும் முடியப் போகிறது. பஞ்சு அறைப் பக்கம் பார்த்தான். இங்கிருந்தே ஒரு தும்மல் வந்தது.

அப்போதுதான் மூன்றாம் முறையாக அந்தக் குரல்.

“இப்பப் பார்த்தேங்க. எழுத்தெல்லாம் நல்லாப் பெரிசாத்தான் போடுறீங்க. இது தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேனே!”

மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. “சொல்லுங்கம்மா, என்ன வேணும்னாலும் செய்யிறேன்.”

“ஒவ்வொண்ணுக்கும் பேர் போட்டுடுங்க. இல்லாட்டி ஒண்ணுக்கொண்ணு மாறிப் போயிடும், அப்புறம் ஒரே சண்டைதான்.”

“இப்போதைக்கு நம்பர்தாம்மா இருக்கு.” படங்களை எடுத்த கேமராவே வைத்த எண்கள் அவை.

“நம்பர் வேண்டவே வேண்டாம். ஜெயில் மாதிரி இருக்கும். பேர்தான் வேணும்.”

அடடா, எவ்வளவு விவரமான அம்மா! படத்துக்கு எண்ணை விட்டுவிட்டுப் பெயர் வைக்கவேண்டும் என்று ஆசிரியரும்தான் சொன்னார். ஆனால் இந்த ஜெயில் உதாரணம் அவருக்குத் தோன்றவில்லையே!

“என்ன பேரும்மா வைக்கிறது?”

“கொஞ்சம் பேர் இப்பவே அனுப்புறேன். மிச்சம் நேர்ல.”

பேச்சு முடிந்த கையோடு பெயர்கள் வந்தன. மாப்பிள்ளை படித்தான். தலையைச் சொறிந்தான். மறுபடி படித்தான். எல்லாம் பெண்கள் பெயர். ஒருவேளை இப்போது ஜனங்கள் அதிகமாகத் தேடுவது இவர்களைத்தானோ? தேடல் கம்பெனிக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது? வரிசையாகப் பெயர் சூட்டினான். நீலத் தலையணைக்கு ஒருத்தி, பூப்போட்ட மெத்தைக்கு ஒருத்தி, நாற்காலித் திண்டுக்குக் கொஞ்சம் குண்டாக இருப்பவளைப் போன்ற பெயராகப் பார்த்து ஒருத்தி.

சாயங்காலம் அவன் மனைவி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ மாமாவின் ஜன்னல் திறந்திருந்தது. என்னதான் மாறியிருக்கிறது என்று அறிய அவர் தளத்தைத் திறந்திருந்தார். படத்துக்குப் பின்னால் உரை இல்லாவிட்டால் அந்தக் கைபேசி சும்மா இருக்காது. படத்தின் பெயரையே வாசித்துவிடும். வாசித்தது. ஒருத்தி பெயர், அடுத்தவள் பெயர், அதற்கடுத்தவள் பெயர் என்று மொட்டை மாடிக்கே கேட்கும்படி உரக்க வாசித்தது.

“தம்பி!” என்று ரேடியோ மாமா கீழ்ப்பக்கமாகக் குரல் கொடுத்தார். “இது தலையணைக் கடையா, கல்யாணத் தரகர் ஆபீசா? யாரு இவங்க எல்லாம்?”

மாப்பிள்ளை மேலே ஓடினான். துணிக்குவியலுக்கு மேலே மனைவியின் கண்கள் மட்டும் தெரிந்தன. அது போதுமானதாக இருந்தது.

“ஏங்க, யாரு அவங்க?”

“தலையணை.”

“என்னது?”

“தலையணைக்குத்தான் பேர் வெச்சிருக்கேன்.”

“தலைக்கு வெச்சுக்கிறதுக்கு ஒருத்தி, முதுகுக்கு ஒருத்தி, உட்கார ஒருத்தியா? யாரு குடுத்தா இந்தப் பேரை எல்லாம்?”

“ஒரு அம்மா போன்ல சொன்னாங்க.”

“எந்த அம்மா?”

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். அந்த அம்மாவின் பெயரைக் கேட்டுக்கொள்ளவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “கம்பெனி அம்மா,” என்றான். அது இன்னும் மோசமாகக் கேட்டது.

“நான் கட்டிக்கிட்டு வந்ததிலிருந்து என் பேரை ஒரு கைக்குட்டைக்காவது வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டு அவள் படியிறங்கிப் போனாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது. சாப்பாட்டைக்கூட, “பூப்போட்ட மெத்தைக்காரி போடலையா?” என்று கேட்பதுபோல் வைத்துவிட்டுப் போனாள்.

மாதம் முடிந்தது. வெப்சைட்டைப் பார்த்துவிட்டு ஒருவரும் வரவில்லை.

மறுநாள் காலை மாமனார் வாசல்வரை மரியாதையாகக் கூடவே வந்து பஞ்சு அறைக் கதவைத் திறந்துவிட்டார். “மாப்பிள்ளை, வலது காலை எடுத்து வைங்க.”

உள்ளே போனதும் ஆரம்பித்த தும்மல் நிற்கவில்லை. ஒவ்வொரு தும்மலுக்கும் பஞ்சு எழும்பியது. எழும்பிய பஞ்சுக்கு அடுத்த தும்மல் வந்தது. வெளியே தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு, “பாவம், மூக்கோட வேலை செய்ய முடியாது அங்க,” என்றார். மனைவி கல்லாப் பக்கம் திரும்பி நின்றாள். ஆனால் ஒவ்வொரு தும்மலுக்கும் அவள் தோள் லேசாக அசைந்தது.

அந்த நேரத்தில்தான் கைப்பையை அணைத்துக்கொண்டு நடுவயது அம்மா ஒருவர் கடைக்குள் வந்தார்.

“போன்ல ஒரு தம்பிகிட்டப் பேசிக்கிட்டிருந்தேன். மாத்து உரை விஷயமா. இருக்காருங்களா?”

மிஷின் மறுபடியும் நின்றது. மாமியார் எழுந்துவிட்டார். மனைவி மெல்லத் திரும்பினாள். பஞ்சு அறைக் கதவு திறந்து, தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக மாப்பிள்ளை வெளியே வந்தான்.

“அம்மா, நீங்களா!” என்று சொல்லித் தும்மினான்.

“ஓ, நீங்கதானா அந்தத் தேடல் கம்பெனி?” மாமனார் இத்தனை நாள் மாப்பிள்ளைக்காக அடக்கி வைத்திருந்த கோபத்தை எல்லாம் அவர்மேல் அவிழ்த்துவிட்டார். “உங்க பேச்சைக் கேட்டு இவர் என்னைக் குறட்டைக்காரனா ஆக்கினார், அப்புறம் சில்லு சில்லா உடைச்சார். என் பொண்ணு புருஷனோட பேசி நாலு நாளாச்சு. வெப்சைட்டுக்கு ஒரு ஆள் வரல. உள்ளே போடு, மேல போடு, எடையைக் குறை, பேர் வைன்னு உயிரை எடுத்தீங்களே! அந்த உரையால யாருக்கு என்னம்மா லாபம்?”

“யாருங்க அந்தப் பொண்ணுங்க?” என்று மனைவி நடுவில் புகுந்தாள். “அதைச் சொல்லுங்க முதல்ல.”

வந்த அம்மா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை அவருக்கு. பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு தலையணையை உருவி, அதன்மேல் இருந்த துணியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் காட்டி, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வதைப்போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“ஐயா, நான் நர்ஸ் பொண்ணுங்க விடுதியோட வார்டன், உங்க வெப்சைட்டைப் பார்த்துட்டு எங்க பொண்ணுங்க இருநூறு பேருக்கும் தலையணை வேணும்னுதான் இத்தனை நாளா கூப்பிடுறேன். அழுக்கானா கழட்டி மாத்துறதுக்கு, அவங்கவங்க பேர் போட்டு, ஆளுக்கு ஒரு மாத்து உறை தைப்பீங்களா, மாட்டீங்களா?”